பட்டாலையிலிருந்து அடுப்படிக்கு: சாக்கெட் வழியே கிளையன்ட்–சர்வர் நிரல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய நகரத்தார் வீடுகள் சில இன்று விருந்தினர் தங்கும் விடுதிகளாக இயங்கி வருகின்றன. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் இவ்வீடுகளில், பட்டாலை என்னும் கூடத்தில் அமர்ந்து ஆர்டர் வாங்குபவருக்கும் கடைசிக் கட்டின் அடுப்படியில் நிற்பவருக்கும் இடையே நடைதான் மிகுதி. அந்த நடையைக் குறைக்க, பட்டாலையில் ஒரு கணினியும் அடுப்படியில் ஒரு கணினியும் வைத்து, ஆர்டரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும் நிரலொன்றை இங்கே அடி முதல் எழுதிப் பார்க்கலாம். அடுப்படிக் கணினி சர்வர், அதாவது இணைப்புக்காகக் காத்திருப்பது. பட்டாலைக் கணினி கிளையன்ட், அதாவது இணைப்பைத் தொடங்குவது. இணைப்பின் இரு முனைகளுக்கும் சாக்கெட் என்று பெயர்.

இணைப்பை ஏற்படுத்தும் வரிகள் பத்துக்கு மேல் போகா. அவற்றை எந்தப் பாடத்திலும் காணலாம். இணைப்பு கிடைத்த பிறகு இரு நிரல்களும் எந்த ஒழுங்கில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை நாமே வகுத்தாக வேண்டும். சாக்கெட் நிரலாக்கத்தின் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது என்பதால், இவ்வழிகாட்டி அந்தப் பகுதியிலேயே அதிக நேரம் நிற்கும்.

எடுத்துக்காட்டுகள் பைத்தான் 3 மொழியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். 1983இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி இயங்குதளத்தில் வந்த அதே சாக்கெட் அழைப்புகள்தாம் இன்று லினக்ஸ், விண்டோஸ், ஆண்ட்ராய்டு ஆகிய எல்லாவற்றிலும் சிறு மாறுதல்களுடன் வழங்குகின்றன. ஆகவே சி மொழியிலோ ஜாவாவிலோ எழுதுபவருக்கும் இங்கே சொல்லும் வரிசை பொருந்தும்.

முன்னேற்பாடு

செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள் பலவற்றைத் தாண்டி வைஃபை அடுப்படி வரை ஒழுங்காக வந்து சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாதாரண ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் இரு கணினிகளையும் கேபிள் வழியாகவே ரவுட்டருடன் இணைப்பது நல்லது. பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, அடுப்படிக் கணினிக்கு எப்போதும் ஒரே ஐபி முகவரி கிடைக்குமாறு ஒதுக்கீடு செய்துவிட வேண்டும். இங்கே அதை 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். இதைச் செய்யாமல் விட்டால், ஒருநாள் ரவுட்டரை அணைத்துப் போட்டதும் முகவரி மாறி, நிரலில் எந்தப் பிழையும் இல்லாமலே எல்லாம் நின்றுபோகும்.

ஐபி முகவரி கணினியைக் காட்டும். அந்தக் கணினிக்குள் எந்த நிரல் என்பதைப் போர்ட் எண் காட்டும். போர்ட் எண் 16 பிட் அளவுள்ளதால் 0 முதல் 65535 வரை அமையும். 1024க்குக் கீழுள்ளவற்றை யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பொதுவாக நிர்வாகி உரிமை உள்ள நிரல்களே பிடிக்க முடியும். லினக்ஸ் தன் கிளையன்டுகளுக்குத் தானாக வழங்கும் எண்கள் வழக்கமாக 32768 முதல் 60999 வரை இருக்கும். இவ்விரண்டிலும் சிக்காத 5050ஐ நாம் எடுத்துக்கொள்வோம்.

சர்வரை எழுப்புதல்

சர்வர் நிரல் ஐந்து அழைப்புகளால் எழுந்து நிற்கிறது. முதலில் சாக்கெட் என்னும் செயற்கூறை ஐபிவி4, ஸ்ட்ரீம் என்ற இரு குறிப்புகளுடன் அழைக்க வேண்டும். ஸ்ட்ரீம் என்றால் டிசிபி, அதாவது பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் வலையமைப்பு நெறிமுறை. அடுத்து செட்சாக்ஆப்ட் வழியாக ரீயூஸ்அட்ரஸ் என்ற விருப்பத்தை 1 என்று வைக்க வேண்டும். சர்வரை நிறுத்தி உடனே மறுபடி இயக்கினால் ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பிழை வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். இணைப்பை முதலில் மூடிய தரப்பு, வலையமைப்பில் தரவைச் சுமந்து செல்லும் பழைய பொட்டலங்கள் வழியில் எங்காவது மிஞ்சியிருந்தால் அவை புதிய இணைப்பில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக டைம்வெயிட் நிலையில் சற்று நேரம் காத்திருக்கிறது. லினக்ஸில் அந்தக் காத்திருப்பு 60 விநாடி. ரீயூஸ்அட்ரஸ் இந்தத் தடையை விலக்குகிறது. விண்டோஸில் இதே பெயருள்ள விருப்பம் ஒரே போர்ட்டை இரு நிரல்கள் பிடிக்க இடம் கொடுத்துவிடும் என்பதால் அங்கே இவ்வரியை விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவதாக பைண்ட், சாக்கெட்டை ஒரு முகவரியோடும் போர்ட்டோடும் பிணைக்கிறது. இங்கே 127.0.0.1 என்று கொடுத்தால் அதே கணினியில் ஓடும் நிரல்கள் மட்டுமே சர்வரை அடைய முடியும். பட்டாலையிலிருந்து வரும் இணைப்பு ஏற்கப்படாது. 0.0.0.0 என்று கொடுத்தால் கணினியின் எல்லா வலையமைப்பு முகங்களிலும் கேட்கும். ‘என் கணினியில் ஓடுகிறது, அங்கிருந்து வரவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவை இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

நான்காவது, இணைப்புகளை ஏற்கத் தயார் என்று அறிவிக்கும் லிசன்; ஐந்தாவது, வந்த இணைப்பை எடுத்துக்கொள்ளும் அக்செப்ட். அக்செப்ட் ஒரு புதிய சாக்கெட்டைத் திருப்பித் தருகிறது என்பதைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய சாக்கெட் அடுத்த கிளையன்டுக்காகக் காத்திருப்பதற்கு மட்டுமே உரியது. பேச்சுவார்த்தை எல்லாம் புதிய சாக்கெட்டில்தான் நடக்கும். எத்தனை கிளையன்டுகள் வந்தாலும் சர்வர் பக்கத்துப் போர்ட் 5050 ஆகவே இருக்கும். கிளையன்ட் முகவரி, கிளையன்ட் போர்ட், சர்வர் முகவரி, சர்வர் போர்ட் ஆகிய நான்கும் சேர்ந்தே ஓர் இணைப்பை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துகின்றன.

கிளையன்டை இணைத்தல்

கிளையன்ட் பக்கம் வேலை குறைவு. கிரியேட்கனெக்‌ஷன் என்ற செயற்கூறுக்கு 192.168.1.20, 5050 என்ற இணையையும் 5 விநாடி காலக்கெடுவையும் கொடுத்தால் போதும். காலக்கெடு கொடுக்காமல் விட்டால், அடுப்படிக் கணினியிலிருந்து எந்தப் பதிலும் வராத வேளையில் லினக்ஸ் கிளையன்ட் இரண்டு நிமிடத்துக்கும் மேல் உறைந்து நிற்கக்கூடும். அதற்குள் விருந்தினர் எழுந்தே போய்விடுவார்.

இணைக்கும்போது கிளையன்ட் ஒரு சின் பொட்டலம் அனுப்ப, சர்வர் சின்-அக் என்று மறுமொழி தர, கிளையன்ட் அக் அனுப்பி முடிக்கிறது. இந்த மூன்று அடிகளையும் இயங்குதளமே பார்த்துக்கொள்கிறது. சர்வர் நிரல் அக்செப்ட் அழைப்பதற்கு முன்பே இது முடிந்துவிடுவதும் உண்டு. ஆகவே ‘இணைந்தது’ என்ற செய்தி, அந்தப் பக்கம் நிரல் விழித்துக்கொண்டு வேலை பார்க்கிறது என்பதற்குச் சான்றாகாது.

இந்த நிலையில் கிளையன்ட் சென்டால் மூலம் சில பைட்டுகளை அனுப்பவும், சர்வர் ரிசீவ் (recv) மூலம் வாங்கி அப்படியே திருப்பி அனுப்பவும் செய்தால் எக்கோ சர்வர் தயார். கல்லூரி ஆய்வகப் பயிற்சிகள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகின்றன. அடுப்படிக்கு இது போதாது.

டிசிபி தருவது பைட் ஓட்டம் மட்டுமே

ஆர்டரின் வடிவம் மேசை எண், உணவு, அளவு என்று இருக்கட்டும். பட்டாலையில் அமர்ந்தவர் அடுத்தடுத்து இரண்டு ஆர்டர்களை அனுப்புகிறார்:

4 பணியாரம் 1
2 கும்மாயம் 6

கிளையன்ட் சென்டாலை இரண்டு முறை அழைத்திருக்கிறது. அடுப்படியில் ரிசீவ் ஒரே முறையில் இரண்டையும் சேர்த்து வாங்கிவிட்டால் திரையில் தோன்றுவது இதுதான்:

4 பணியாரம் 12 கும்மாயம் 6

நான்காம் மேசைக்குப் பன்னிரண்டு பணியாரம் ஊற்றிய பிறகு ஆச்சியிடம் யார் சமாதானம் சொல்வது? இங்கே டிசிபி தன் கடமையில் சிறிதும் தவறவில்லை. அனுப்பிய பைட்டுகள் யாவும், அனுப்பிய வரிசையிலேயே, ஒன்றும் குறையாமல், ஒன்றும் இரட்டிக்காமல் வந்து சேர்ந்திருக்கின்றன. அது கொடுக்கும் உறுதி அவ்வளவே. கண்மாய் மடையில் ஓடிவரும் நீரில் எந்தக் குடத்து நீர் எங்கே முடிந்தது என்று பார்க்க முடியாததைப் போல, ஒரு சென்டால் எங்கே முடிந்தது என்ற எல்லையை டிசிபி சுமந்து வருவதில்லை. இரண்டு செய்திகள் ஒட்டி வரலாம்; ஒரு செய்தி இரண்டாக உடைந்தும் வரலாம். ரிசீவுக்குக் கொடுக்கும் 1024 என்ற எண் ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்ற உச்ச வரம்பு. ‘இவ்வளவு வரும் வரை காத்திரு’ என்று அதற்குப் பொருளில்லை.

சோதனையின்போது இந்தக் குறை கண்ணில் படாமல் போவதற்கும் காரணம் உண்டு. ஒரே கணினிக்குள் 127.0.0.1 வழியாகச் சோதிக்கும்போது லினக்ஸில் ஒரு பொட்டலம் 65,536 பைட் வரை இருக்கலாம். ஆகவே சிறிய செய்தி உடைவது அரிது. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு வழக்கமாக 1500 பைட். ஐபி, டிசிபி தலைப்புகள் போக அதிகம் போனால் 1460 பைட்தான் செய்திக்கு மிஞ்சும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்வதால், கல்யாணச் சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றை அனுப்பினாலே அது உடைந்துபோக இடமுண்டு.

செய்திக்கு எல்லை வகுத்தல்

இதற்கு வழக்கில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு செய்தியின் இறுதியிலும் புதுவரிக் குறியை வைத்து, அதைக் காணும் வரை வாசிப்பது. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்குரிய பைட்டுகளுக்கு நடுவே புதுவரிப் பைட் ஒருபோதும் வராது என்பதால் இது பாதுகாப்பானதே. ஆனால் செய்திக்குள்ளேயே பல வரிகள் இருந்தால் இடிக்கும். மற்றொன்று, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை நான்கு பைட்டில் தலைப்பாக எழுதி அனுப்புவது. சமையல் குறிப்பு, படம் என்று நாளை எது வந்தாலும் தாங்கும் என்பதால் நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

நீளத்தை எழுதும்போது பைட் வரிசை முக்கியம். வலையமைப்பு மரபுப்படி பெரிய மதிப்புள்ள பைட் முன்னால் செல்ல வேண்டும். 28 என்ற நீளம் 0, 0, 0, 28 என்று போகும். இதையே ஒரு தரப்பு தலைகீழாகப் படித்தால் 46,97,62,048 என்று வாசித்துவிடும். பைத்தானில் டூபைட்ஸ் என்ற செயற்கூறுக்கு 4, பிக் என்று கொடுத்தால் சரியான வரிசை கிடைக்கும்.

எதன் நீளம் என்பது அடுத்த கேள்வி. தமிழில் நிரல் எழுதுபவர் இதில் இன்றே முட்டிக்கொள்வார். ஆங்கிலத்திலேயே சோதிப்பவருக்கு இது ஆண்டுக்கணக்கில் தெரியாமலும் போகலாம். ‘பணியாரம்’ என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைத்தான் அதை எட்டுக் குறியீடுகளாக எண்ணும்: ப, ண, இகரக் குறி, ய, ஆகாரக் குறி, ர, ம, புள்ளி. யூடிஎஃப்-8இல் அதுவே 24 பைட். எனவே ‘4 பணியாரம் 1’ என்ற சரத்தின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 12 என்று சொல்லும். வலையமைப்பில் செல்வதோ 28 பைட்.

தலைப்பில் தவறாக 12 என்று எழுதி அனுப்பினால் என்ன ஆகும் என்று பின்தொடர்ந்து பார்க்கலாம். சர்வர் 12 பைட் வாசிக்கும்: 4, இடைவெளி, ‘பணி’ வரைக்கும் ஒன்பது பைட், பிறகு ‘ய’வின் முதல் பைட் மட்டும். அரைகுறையான எழுத்தைச் சரமாக மாற்ற முயன்று குறியீட்டுப் பிழை எழும். அந்தப் பிழையை நிரல் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டுத் தொடர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ‘ய’வின் மிச்சம் இரண்டு பைட்டையும் அடுத்த குறியின் முதல் இரண்டு பைட்டையும் சேர்த்து அடுத்த செய்தியின் நீளம் என்று எடுத்துக்கொண்டு, 293 கோடி பைட்டுக்காக அது காத்துக் கிடக்கும். ஆகவே சரத்தை முதலில் என்கோட் செய்து பைட்டாக்கிய பிறகே அளக்க வேண்டும். பெறும் பக்கத்தில் முழுச் செய்தியும் சேர்ந்த பிறகே டீகோட் செய்ய வேண்டும்.

வேண்டிய பைட் முழுதும் சேரும் வரை ரிசீவைத் திரும்பத் திரும்ப அழைக்கும் துணைச் செயற்கூறு ஒன்றை எழுதிக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும். அதன் அமைப்பு இவ்வாறு:

சரியாகப் பெறு (சாக்கெட், வேண்டியது):
– சேர்ந்தது = வெறுமை
– சேர்ந்ததன் நீளம் வேண்டியதைவிடக் குறைவாக இருக்கும் வரை:
– – துண்டு = சாக்கெட்டிலிருந்து ரிசீவ் (வேண்டியது கழித்தல் சேர்ந்ததன் நீளம்)
– – துண்டு வெறுமையானால், ‘இணைப்பு முடிந்தது’ என்று பிழை எழுப்பு
– – சேர்ந்தது = சேர்ந்தது + துண்டு
– சேர்ந்ததைத் திருப்பிக் கொடு

செய்தி ஒன்றை வாசிக்க இதை இரண்டு முறை அழைக்க வேண்டும்: முதலில் 4 பைட் தலைப்புக்கு, பிறகு தலைப்பு சொல்லும் நீளத்துக்கு. ரிசீவ் வெறுமையைத் தந்தால் எதிர்த் தரப்பு இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். ‘இன்னும் எதுவும் வரவில்லை’ என்று பொருளில்லை. இதைச் சோதிக்காத நிரல், மறுமுனை போன பிறகும் வட்டமடித்துச் செயலியை முழுவதும் தின்றுவிடும்.

தலைப்பு சொல்லும் நீளத்தை அப்படியே நம்பவும் கூடாது. நான்கு பைட்டில் 400 கோடிக்கும் மேற்பட்ட எண்ணை எழுத முடியும் என்பதால், 65,536க்கு மேல் வந்தால் இணைப்பை மூடிவிடுவது என்று ஒரு வரம்பு வைக்க வேண்டும். பதிவேட்டில் 1,19,57,25,856 என்ற விசித்திரமான நீளத்தைக் கண்டால் கலங்க வேண்டாம். யாரோ பிரவுசரில் அந்த முகவரியையும் போர்ட்டையும் தட்டியிருக்கிறார். பிரவுசர் அனுப்பும் ‘கெட்’ என்ற கட்டளையின் மூன்று எழுத்துகளும் அடுத்த இடைவெளியும் சேர்ந்து நீளமாக வாசிக்கப்பட்டால் அந்த எண்தான் வரும்.

ஒப்புதலும் இரட்டை ஆர்டரும்

சென்டால் பிழையின்றித் திரும்பினால் ஆர்டர் அடுப்படிக்குப் போய்விட்டது என்று கொள்ளக் கூடாது. பைட்டுகளை இயங்குதளம் தன் இடைத்தேக்கத்தில் வாங்கிக்கொண்டது என்பது மட்டுமே அதன் பொருள். கேபிள் கழன்றிருந்தாலும் முதல் சில அனுப்புதல்கள் வெற்றி போலத் தோன்றும். எனவே சர்வர் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒப்புதல் செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். அது வந்த பிறகே பட்டாலைத் திரையில் ‘சேர்ந்தது’ என்று காட்ட வேண்டும்.

ஒப்புதல் வராவிட்டால் மறுபடி அனுப்பலாமா? அனுப்பலாம், ஆனால் ஆர்டர் சேர்ந்து, திரும்பி வந்த ஒப்புதல் மட்டும் வழியில் தொலைந்திருக்கவும் கூடும். அப்போது மறுமுறை அனுப்புவது இரண்டாவது ஆர்டராகிவிடும். இதைத் தவிர்க்க, கிளையன்ட் ஒவ்வோர் ஆர்டருக்கும் தன் பெயரும் தொடர் எண்ணும் கொண்ட அடையாளம் ஒன்றைச் சேர்த்து அனுப்ப வேண்டும். மறுபடி அனுப்பும்போது அதே அடையாளத்தையே பயன்படுத்த வேண்டும். சர்வர் அந்த அடையாளத்தைத் தனித்த சாவியாகக் கொண்ட எஸ்கியூலைட் தரவுத்தள அட்டவணையில் முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகே ஒப்புதல் தர வேண்டும். ஏற்கெனவே உள்ள அடையாளம் வந்தால் சமையல் பட்டியலில் சேர்க்காமல் ஒப்புதலை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கிளையன்டுகள்

பட்டாலைக் கணினியோடு தோட்டத்தில் ஒரு டேப்லெட்டும் சேர்ந்தால், அக்செப்ட் தரும் ஒவ்வொரு புதிய சாக்கெட்டையும் ஒரு தனி த்ரெட்டிடம் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழையிடம்) ஒப்படைத்துவிட்டு, முதன்மை நிரல் மீண்டும் அக்செப்டுக்குத் திரும்ப வேண்டும். த்ரெட்கள் ஆர்டர்களைப் பொதுவான ஒரு கியூவில் (வரிசையில்) போட, திரையில் காட்டும் பகுதி அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும். ஆயிரக்கணக்கான இணைப்புகளுக்கு ஒரே த்ரெட்டில் பல இணைப்புகளைக் கவனிக்கும் ஈபோல், அசிங்க்ஐஓ போன்ற முறைகள் தேவைப்படும். விடுதிக்கு அவை வீண் சுமை.

மின்வெட்டும் அமைதியான முறிவும்

நிரல் ஒழுங்காக மூடப்பட்டால் எதிர்த் தரப்புக்கு முடிவுச் செய்தி போகும். அடுப்படியில் மட்டும் மின்சாரம் போய், இன்வெர்ட்டரில் இருக்கும் ரவுட்டரும் பட்டாலைக் கணினியும் ஓடிக்கொண்டிருந்தால் அப்படி எதுவும் போகாது. கிளையன்ட் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நம்பும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் டிசிபியின் கீப்அலைவ் வசதியை நாமே இயக்கினால்தான் அது இயங்கும். இயக்கினாலும் லினக்ஸில் முதல் விசாரிப்புக்கே 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் ஆகும். ஆதலால் 15 விநாடிக்கு ஒருமுறை கிளையன்ட் ஒரு சிறு விசாரிப்புச் செய்தியை அனுப்புவதும், 5 விநாடிக்குள் பதில் வராவிட்டால் இணைப்பை மூடிப் புதிதாக இணைவதும் நம் நிரலின் பொறுப்பாகிறது.

பிழைச் செய்திகளைப் பிரித்தறிவது பாதி வேலையை மிச்சப்படுத்தும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்தால், பெரும்பாலும் கணினி உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் சர்வர் நிரல் ஓடவில்லை என்று கொள்ளலாம். காலக்கெடு முடிந்ததாக வந்தால் கணினி அணைந்திருக்கலாம், முகவரி மாறியிருக்கலாம், அல்லது ஃபயர்வால் பொட்டலங்களைச் சத்தமின்றி விழுங்கலாம். விண்டோஸில் முதல்முறை அனுமதி கேட்கும் சாளரத்தை அவசரத்தில் மூடிவிடுவது பின்னதற்கு அடிக்கடி நேரும் காரணம்.

காரைக்குடியில் உள்ள அலுவலகத்திலிருந்து இதே சர்வரை அடைய நினைத்தால் 192.168 என்று தொடங்கும் முகவரி உதவாது. அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனியார் முகவரி. ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். நாம் எழுதிய நிரல் யார் அனுப்புகிறார் என்று கேட்பதில்லை, செய்தியை மறைப்பதும் இல்லை. விபிஎன் என்னும் மறைகுறியிட்ட தனிப்பாதை வழியாக இணைவதோ, சாக்கெட்டை டிஎல்எஸ் என்னும் மறைகுறியாக்க உறைக்குள் வைத்துக் கடவுச்சொல் சரிபார்ப்பைச் சேர்ப்பதோ செய்த பிறகே வெளியே கொண்டுபோக வேண்டும்.

சோதிக்கும் முறை

ஆர்டர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பதோடு சோதனை முடிந்துவிடாது. சோதனைக்கென்றே ஒரு கிளையன்ட் எழுதி, அது ஒரு செய்தியை ஒவ்வொரு பைட்டாக, இடையிடையே அரை விநாடி நின்று அனுப்புமாறு செய்யுங்கள். சர்வர் ஒரே ஆர்டரைக் காட்ட வேண்டும். அடுத்து மூன்று செய்திகளை ஒன்றாக ஒட்டி ஒரே சென்டாலில் அனுப்புங்கள். மூன்று தனித்தனி ஆர்டர்கள் தெரிய வேண்டும். தலைப்பில் 28 என்று சொல்லி 20 பைட்டோடு இணைப்பை மூடிப் பாருங்கள். சர்வர் அந்த ஆர்டரைக் கைவிட்டு, மற்றக் கிளையன்டுகளுக்குத் தடையின்றிப் பணிபுரிய வேண்டும். ஒரே அடையாள எண்ணை இரண்டு முறை அனுப்பினால் ஒப்புதல் இரண்டு, பணியாரம் ஒன்று. கடைசியாக, ஆர்டர்கள் போய்க்கொண்டிருக்கும்போதே அடுப்படிக் கணினியின் கேபிளைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் செருகி, அந்த இடைவெளியில் தட்டிய ஆர்டர்கள் எல்லாம் ஒருமுறை மட்டும் வந்து சேர்கின்றனவா என்று அட்டவணையைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.